போஸ்னியாவின் காடும் பட்டாள முகாமும் யார் பேரில்?

கேள்வி இதுதான்: “போஸ்னியாவில் போர் ஓய்ந்து 30 வருஷம் ஆகிவிட்டது. ஓடிப்போன குடும்பங்களுக்கு வீடுகளைக்கூடத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று படித்தேன். அப்படியிருக்க காடு, பட்டாள முகாம், அரசுக் கட்டடம் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு மட்டும் ஏன் இழுத்துக்கொண்டே போகிறது? அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பே சொல்லிவிட்டதே?”

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டு வழக்கில் இரண்டு குடும்பங்கள் ஒரே வீட்டைக் கேட்டன. இந்த வழக்கில் சொத்து அரசுடையது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ‘அரசு’ என்றால் யார் என்பதில்தான் சண்டை. சரயேவோவில் இருக்கும் நாட்டின் அரசா, பான்யா லூகாவில் இருக்கும் செர்பியர் பகுதியின் அரசா? இதற்குப் பதில் சொன்னால், போஸ்னியா ஒரு நாடா அல்லது இரண்டு தனி அரசுகளின் மேல் போட்ட கூரையா என்ற கேள்விக்கும் பதில் சொன்னதாகிவிடும். அதனால்தான் எந்தப் பக்கமும் பாதியை வாங்கிக்கொண்டு எழுந்து போகத் தயாராக இல்லை.

அங்கே இந்தத் தகராறுக்குப் பெயர் ‘ட்ர்ஜாவ்னா இமோவினா’. இமோவினா என்றால் சொத்து. ட்ர்ஜாவா என்றால் நாடு, அரசு இரண்டும்தான். நாம் தமிழில் அரசு நிலம் என்று சொன்னால் அது மத்திய அரசுடையதாகவும் இருக்கலாம், மாநில அரசுடையதாகவும் இருக்கலாம். சொல்லில் சிக்கல் இல்லை. போஸ்னியாவில் அந்தச் சொல்லையே யார் வைத்துக்கொள்வது என்பது அரசியல்.

வரைபடத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1992 முதல் 1995 வரை நடந்த போரை முடித்தது டேட்டன் ஒப்பந்தம். 1995 நவம்பரில் அமெரிக்காவின் டேட்டன் நகர விமானப்படைத் தளத்தில் பேசி முடித்து, டிசம்பர் 14 அன்று பாரிஸில் கையெழுத்திட்டார்கள். அது நாட்டை ஒன்றாக வைத்துக்கொண்டே உள்ளே இரண்டு அலகுகளை ஏற்றுக்கொண்டது. நிலப்பரப்பில் 51 சதவீதம் போஸ்னியாக்குகளும் (போஸ்னிய முஸ்லிம்கள்) குரோஷியர்களும் பெரும்பான்மையாக உள்ள ஃபெடரேஷனுக்கு. 49 சதவீதம் செர்பியர்கள் பெரும்பான்மையாக உள்ள ரிபப்ளிகா ஸ்ர்ப்ஸ்காவுக்கு. வடக்கே ப்ர்ச்கோ என்ற ஊர் யாருக்கு என்று அப்போது முடிவாகவில்லை. பிற்பாடு அது தனி மாவட்டமானது. இந்த ஒப்பந்தத்தின் 4-வது இணைப்புதான் இன்றுவரை நாட்டின் அரசியல் சட்டம். அது எழுதப்பட்டதே ஆங்கிலத்தில். தன் சொந்த மொழிகளில் அதிகாரபூர்வமான அரசியல் சட்டப் பிரதி இல்லாத நாடு அது. ஒவ்வொரு சொல்லுக்கும் சண்டை பிடிக்கும் இடத்தில் இது சின்ன விஷயமில்லை.

அந்த அரசியல் சட்டத்தில் அரசுச் சொத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. போரை நிறுத்துவதில் குறியாக இருந்தவர்கள் காட்டையும் முகாமையும் யார் பேரில் எழுதுவது என்று யோசிக்கவில்லை, அல்லது யோசித்தே தள்ளிப்போட்டார்கள். அந்த வெற்றிடத்தில்தான் இரண்டு வாதங்களும் வேரூன்றின.

ஸ்ர்ப்ஸ்காவின் வாதம் அரசியல் சட்டத்தின் 3-வது பிரிவில் நிற்கிறது. நாட்டின் மைய நிறுவனங்களுக்கு வெளிப்படையாகக் கொடுக்கப்படாத அதிகாரங்கள் எல்லாம் அலகுகளுக்கே என்று அது சொல்கிறது. மையத்துக்குக் கொடுத்த அதிகாரங்களின் பட்டியலில் வெளியுறவு, சுங்கம், நாணயக் கொள்கை, குடியேற்றம் போன்றவை உண்டு, சொத்து இல்லை. ஆகவே சொத்து எங்களுடையது, மையம் தன் அலுவலகங்களுக்குத் தேவையானதைக் கேட்டால் தருவோம் என்கிறார்கள். சரயேவோவின் வாதம் 1-வது பிரிவில். 1992-ல் சுதந்திரம் பெற்று ஐ.நா.வில் சேர்ந்த குடியரசுதான் பெயர் மாறித் தொடர்கிறது, அது புதிதாகப் பிறந்த நாடு அல்ல என்று அந்தப் பிரிவு சொல்கிறது. தொடரும் நாட்டின் சொத்தும் தொடரத்தானே வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. இரண்டும் காகிதத்தில் இருக்கும் வாதங்கள்தான். ஒன்றை வெறும் திமிர் என்று தள்ளிவிட்டால் இந்த விவகாரம் பிடிபடாது.

இதற்கு அடியில் இன்னொரு குழப்பம் இருக்கிறது, போஸ்னியா முன்பு அங்கமாக இருந்த சோஷலிச யூகோஸ்லாவியா விட்டுப்போனது. மற்ற கம்யூனிஸ்ட் நாடுகளில் ஆலைகள் பெரும்பாலும் அரசுடைமை. யூகோஸ்லாவியா அதிலிருந்து விலகி ‘சமூக உடைமை’ என்ற ஒன்றை உருவாக்கியது. ஆலையைத் தொழிலாளர்கள் நிர்வகிப்பார்கள், அடுக்குமாடி வீட்டை அதில் குடியிருப்பவர் பயன்படுத்துவார், ஆனால் உரிமையாளர் என்று தனியாக யாரும் இல்லை. சமூகம் முழுவதும் உரிமையாளர். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், அனுபவம் ஒருவருக்கு உண்டு, பட்டா யார் பேரிலும் இல்லை. நாடு உடையாதவரை இது ஓடியது. உடைந்ததும் ‘சமூகம்’ எது என்ற கேள்வி வந்தது. போருக்கு நடுவிலேயே இரு தரப்பும் அதற்குப் பதில் எழுதிவிட்டன. 1993-ல் ஸ்ர்ப்ஸ்கா தன் கைவசம் இருந்த பகுதியின் சமூக உடைமைகளை ‘அரசுடைமை’ என்று மாற்றிச் சட்டம் போட்டது. 1994-ல் சரயேவோவில் இருந்த குடியரசும் அதே மாதிரி ஒரு சட்டம் போட்டது. ஒரே நிலத்தை இரண்டு சட்டங்கள் இரண்டு அரசுகளுக்குக் கொடுத்தன. நிலப் பதிவேடுகள் பல ஊர்களில் போரில் எரிந்தன. எரியாத இடங்களிலும் ஆஸ்திரிய-ஹங்கேரி ஆட்சி 1880-களில் தொடங்கிய நிலப் புத்தகம் ஒரு பெயரைச் சொல்லும், பின்னால் வந்த நில அளவைப் பதிவு இன்னொரு பெயரைச் சொல்லும்.

நாட்டுக்கு வெளியே இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 2001 ஜூன் 29 அன்று வியன்னாவில் யூகோஸ்லாவியாவின் வாரிசு நாடுகள் ஐந்தும் சொத்துப் பிரிவினை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 2004-ல் அது நடைமுறைக்கு வந்தது. யூகோஸ்லாவிய அரசின் அசையாச் சொத்து எந்த நாட்டின் நிலத்தில் இருக்கிறதோ அந்த நாட்டுக்கே போகும் என்பது பொது விதி. வெளிநாட்டுத் தூதரகக் கட்டடங்களைத் தனியாகப் பங்கு போட்டார்கள். போஸ்னியாவின் பங்கு 15 சதவீதம். அந்த ஒப்பந்தத்தில் ஐந்தில் ஒரு தரப்பாக நின்றது போஸ்னியா-ஹெர்சகோவினா. ஸ்ர்ப்ஸ்கா தனித் தரப்பாக அங்கே இல்லை. என்னைக் கேட்டால், சட்டப்படி ஸ்ர்ப்ஸ்காவின் வாதம் அங்கேயே பலவீனமாகிவிட்டது. யூகோஸ்லாவியாவின் சொத்தை வாரிசாக வாங்கிக்கொண்டது யார் என்று ஐந்து நாடுகள் எழுதிக் கையெழுத்திட்ட பிறகு, வாங்கியவர் கையிலிருந்து அது எப்படி அலகுக்குப் போனது என்பதற்கு ஓர் ஆவணம் வேண்டும். அப்படி ஒன்று இல்லை.

சரி, தடை எப்படி வந்தது என்று பார்ப்போம். அலகுகளும் நகராட்சிகளும் பழைய முகாம்களையும் காலி மனைகளையும் விற்க ஆரம்பித்தபோது, டேட்டன் ஒப்பந்தத்தை மேற்பார்வை செய்யும் சர்வதேச உயர் பிரதிநிதி தலையிட்டார். 1997-ல் பான் நகரில் நடந்த மாநாட்டில் இருந்து அந்தப் பதவிக்குச் சட்டங்களை நேரடியாகப் போடும் அதிகாரம் உண்டு. 2005 மார்ச்சில் அப்போதைய உயர் பிரதிநிதி பாடி ஆஷ்டவுன், நாட்டுக்கும் இரண்டு அலகுகளுக்குமாக மூன்று சட்டங்கள் போட்டார். அரசுச் சொத்தை யாரும் விற்கவோ கைமாற்றவோ கூடாது. சொத்தைப் பங்கிடும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றும்வரை இது ‘தற்காலிக’த் தடை. விதிவிலக்கு வேண்டுமானால் அரசுச் சொத்து ஆணையத்திடம் கேட்கலாம். அந்தத் தற்காலிகத் தடைக்கு இருபது வயது தாண்டிவிட்டது.

அப்புறம் 2008 பிப்ரவரியில், டேட்டன் அமலாக்கத்தைக் கவனிக்கும் நாடுகளின் குழு, உயர் பிரதிநிதி அலுவலகத்தை மூடுவதற்கு ஐந்து இலக்குகளும் இரண்டு நிபந்தனைகளும் வைத்தது. முதல் இலக்கு அரசுச் சொத்தைப் பங்கிடுவது. இரண்டாவது ராணுவச் சொத்து. நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். ஆனால் நடந்தது வேறு. அந்த அலுவலகம் போய்விட வேண்டும் என்று தினமும் கேட்பவர்கள் ஸ்ர்ப்ஸ்காவின் தலைவர்கள். அதற்கான விலை அவர்கள் கொடுக்க விரும்பாத சொத்து. அந்த அலுவலகம் இருந்தால்தான் நாட்டுக்குப் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் போஸ்னியாக்குத் தலைவர்கள். சொத்து விவகாரம் தீராதவரை அலுவலகம் இருக்கும். தீர்க்க வேண்டிய அவசரம் இரு பக்கமும் குறைந்துபோனது. குரோஷியக் கட்சிகள் தங்கள் செல்வாக்குள்ள நகராட்சிகளுக்கும் மாவட்டங்களுக்கும் பங்கு வரும்படி ஒரு பிரிவினை வந்தால் போதும் என்று நடுவில் நின்றார்கள். 2009-ல் உயர் பிரதிநிதி அலுவலகம் சொத்துப் பட்டியல் ஒன்றைத் தயாரித்தது. அந்த வருஷ அக்டோபரில் சரயேவோ பக்கத்துப் புட்மிர் ராணுவத் தளத்தில் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தலைவர்களைக் கூட்டிப் பேசின, ஒன்றும் நகரவில்லை. 2012 மார்ச்சில் ஆறு கட்சித் தலைவர்கள் கையெழுத்திட்ட ஓர் உடன்பாடு வந்தது. அதுவும் சட்டமாகவில்லை.

இப்போது நீங்கள் கேட்ட நீதிமன்றத்துக்கு வருகிறேன். 2010 செப்டம்பரில் ஸ்ர்ப்ஸ்கா சட்டமன்றம், தன் எல்லைக்குள் இருக்கும் அரசுச் சொத்து தனக்கே சொந்தம் என்று ஒரு சட்டம் போட்டது. 2011 ஜனவரியில் உயர் பிரதிநிதி வாலன்டின் இன்ஸ்கோ அதை நிறுத்திவைத்தார். வழக்கு அரசியல் சட்ட நீதிமன்றத்துக்குப் போனது. 2012 ஜூலை 13 அன்று வந்த தீர்ப்பு அங்கே வழக்கு எண்ணாலேயே அறியப்படுகிறது: யூ 1/11. இந்த விவகாரத்தில் ஒரே ஒரு ஆவணத்தைப் படிப்பதென்றால் அதைத்தான் படிக்கச் சொல்வேன்.

நீதிமன்றம் ஸ்ர்ப்ஸ்காவின் பட்டியல் வாதத்தை ஏற்கவில்லை. குடியரசாக இருந்தபோது வந்த சொத்து, அதன் தொடர்ச்சியான இன்றைய நாட்டுக்கே உரியது. அதை ஒழுங்குபடுத்தும் உரிமையும் நாட்டுக்கே என்றது. அரசுச் சொத்தை வெறும் மனையாகப் பார்க்க முடியாது, அது நாட்டின் இறையாண்மையோடும் நிலவரம்போடும் சேர்ந்தது என்றும் சொன்னது. பிறகு அரசுச் சொத்து என்பதை இரண்டாகப் பிரித்தது. ஒன்று, பொது நிர்வாகம் நடத்தத் தேவையான கட்டடங்களும் பொருட்களும். இரண்டாவது, ஆறு, ஆற்றுப் படுகை, ஏரி, மலை, இயற்கை வளங்கள், பொதுப் போக்குவரத்துப் பாதைகள் போல இயல்பிலேயே எல்லா மக்களுக்கும் உரிய பொதுச் செல்வங்கள். இந்த இரண்டாவது வகைதான் பின்னால் பெரிய புயலைக் கிளப்பியது.

அதே தீர்ப்பின் இன்னொரு பாதியைச் சரயேவோவில் பலர் மறந்துவிடுகிறார்கள். சொத்து நாட்டுடையது என்பதால் மையம் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளலாம் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. எல்லா மட்ட அரசுகளும் இயங்க இந்தச் சொத்து தேவை. அந்தத் தேவையை மதித்து நாடாளுமன்றம் பங்கிட வேண்டும், அப்படிப் பங்கிடுவது நாட்டின் கடமை என்றது. அதாவது பத்திரம் யார் பேரில் என்பதைத் தீர்த்தது. பாகப்பிரிவினையைக் குடும்பத்திடமே விட்டது. குடும்பம் உட்காரவே இல்லை. நாடாளுமன்றத்தில் அலகுவாரியான வாக்குக் கணக்கு இருப்பதால் ஸ்ர்ப்ஸ்காவின் உறுப்பினர்கள் ஒப்பாமல் எந்தச் சட்டமும் கரை சேராது. தீர்ப்பு இருந்தும் ஏன் நடக்கவில்லை என்று கேட்டீர்களே, அதற்கு நேரடிப் பதில் இதுதான்.

பட்டாள முகாம்களும் அலுவலகங்களும் பற்றிய சண்டையாக இருந்தவரை சாதாரண மக்கள் இதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. 2020 பிப்ரவரியில் அது விளைநிலத்துக்கு வந்தது. முன்பு சமூக உடைமையாக இருந்த விளைநிலம் ஸ்ர்ப்ஸ்காவின் சொத்து என்று சொன்ன அலகுச் சட்டத்தின் 53-வது பிரிவு செல்லாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஸ்ர்ப்ஸ்காவின் முக்கிய அரசியல் தலைவர் மிலோராட் டோடிக் பிரிந்துபோவதைப் பற்றி வெளிப்படையாகப் பேச ஆரம்பித்தார். 2021 செப்டம்பரில் காடுகள் பற்றியும் அதே திசையில் ஒரு தீர்ப்பு வந்தது. போஸ்னியாவில் பாதி நிலம் காடு. அதில் பெரும்பகுதி அரசுக் காடு. கிழக்கு ஸ்ர்ப்ஸ்காவின் மலை ஊர்களில் மரம்வெட்டும் வேலை, அறுவை ஆலை, வனத்துறைச் சம்பளம் இவற்றை நம்பித்தான் குடும்பங்கள் ஓடுகின்றன. உங்கள் காட்டைச் சரயேவோ எடுத்துக்கொள்ளப் போகிறது என்று அவர்களிடம் சொன்னால் பயம் வரத்தான் செய்யும். அந்தப் பயத்தை டோடிக் பயன்படுத்தினார் என்பது உண்மை. பயமே பொய் என்று நான் சொல்ல மாட்டேன். காலடி மண் யார் பேரில் என்று தெரியாமல் வாழ்வது எந்த ஊரிலும் ஒரே மாதிரி வேதனைதான்.

ஆனால் ஸ்ர்ப்ஸ்காவின் அரசுக்கு இதில் வேறு கணக்கும் உண்டு. சொத்து தன் பேரில் இருந்தால்தான் ஆற்றில் அணைக்கும் மலையில் சுரங்கத்துக்கும் தானே உரிமம் கொடுக்க முடியும், கடன் கொடுப்பவருக்கு நம்பிக்கை கொடுக்க முடியும். ட்ரினா ஆற்றில் ஃபோச்சா அருகே புக் பியேலா நீர்மின் நிலையத்துக்கு 2021-ல் செர்பியாவும் ஸ்ர்ப்ஸ்காவும் சேர்ந்து அடிக்கல் நாட்டின. ட்ரினா நாட்டின் ஆறு, உரிமம் தருவதில் மையத்துக்கும் பங்கு உண்டு என்று அதுவும் நீதிமன்றம் வரை போனது.

2022 பிப்ரவரியில் ஸ்ர்ப்ஸ்கா சட்டமன்றம் மறுபடியும் ஒரு சொத்துச் சட்டம் போட்டது, இம்முறை பொது நிர்வாகத்துக்குப் பயன்படும் அசையாச் சொத்துகள் என்ற பெயரில். ஏப்ரலில் புதிய உயர் பிரதிநிதி கிறிஸ்டியன் ஷ்மிட் அதை நிறுத்தினார். நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. டிசம்பரில் கிட்டத்தட்ட அதே சட்டத்தை மீண்டும் நிறைவேற்றினார்கள். அதுவும் நிறுத்தப்பட்டது. 2023 ஜூனில் ஒரு படி மேலே போய், அரசியல் சட்ட நீதிமன்றத்தின் தீர்ப்புகள் எங்கள் எல்லைக்குள் செல்லாது என்றே சட்டம் போட்டார்கள். அந்த நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள்: நாலு பேர் ஃபெடரேஷன் தேர்வு, இரண்டு பேர் ஸ்ர்ப்ஸ்கா தேர்வு, மூன்று பேரை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் தலைவர் நியமிக்கிறார். வெளிநாட்டு மூவரும் போஸ்னியாக்கு இருவரும் சேர்ந்து எங்கள் நிலத்தைப் பறிக்கிறார்கள் என்பது பான்யா லூகாவில் தினசரி கேட்கும் பேச்சு. தன் இரண்டு இடங்களையும் நிரப்பாமலேயே விட்டது ஸ்ர்ப்ஸ்கா. ஷ்மிட் ரத்துசெய்த சட்டங்களில் டோடிக் கையெழுத்திட்டார். அதற்காக அவர்மேல் வழக்கு வந்து, 2025 பிப்ரவரியில் ஓராண்டுச் சிறையும் ஆறாண்டு அரசியல் தடையும் விதிக்கப்பட்டன. ஆகஸ்டில் மேல்முறையீட்டிலும் அது உறுதியானது. அப்போது ஸ்ர்ப்ஸ்காவின் அதிபராக இருந்த அவர் பதவி போனது. செய்தித்தாள்கள் அதை உயர் பிரதிநிதியை மீறிய வழக்கு என்று எழுதின. சரிதான். ஆனால் அந்த மோதலுக்குள் போனால் பழைய சொத்துத் தகராறு வந்து நிற்கும்.

ராணுவச் சொத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் தீர்வு மிக அருகில் வந்து நழுவியது. யூகோஸ்லாவியாவை ஆண்ட டிட்டோ காலத்தில் வெளியார் படையெடுத்தால் கடைசிவரை நின்று சண்டை போடும் கோட்டையாகப் போஸ்னிய மலைகளைத்தான் நினைத்திருந்தார்கள். அதனால் முகாம்களும் ஆயுத ஆலைகளும் அங்கே குவிந்தன. கோன்யிட்ஸ் ஊருக்குப் பக்கத்தில் மலையைக் குடைந்து, அணுகுண்டு விழுந்தாலும் தலைமை தப்பிக்க ஒரு பதுங்கிடம் 1953-ல் தொடங்கி 1979 வரை கட்டினார்கள். இன்று அங்கே கலைக் கண்காட்சி நடக்கிறது. போருக்குப் பின் மூன்று படைகளாகப் பிரிந்து கிடந்தவர்கள் 2006 தொடக்கத்தில் ஒரே ராணுவமானார்கள். ஒன்றோடொன்று சுட்டுக்கொண்டவர்கள் ஒரே சீருடை போட்டது சாதாரணச் சாதனை இல்லை. அந்த ராணுவத்துக்கு இனித் தேவைப்படும் இடங்கள் என்று சுமார் 60 இடங்களைப் பட்டியலிட்டார்கள். 2010 ஏப்ரலில் தாலினில் கூடிய நேட்டோ, இவற்றை நாட்டின் பேரில் பதிவுசெய்தால் உறுப்புரிமைக்கான செயல்திட்டத்தைத் தொடங்கலாம் என்றது.

ஃபெடரேஷன் பக்கம் பதிவுகள் மெல்ல நடந்தன. ஸ்ர்ப்ஸ்கா பக்கம் பதிவாளர் அலுவலகங்கள் கதவைச் சாத்தின. நேட்டோவே வேண்டாம் என்பவர்களுக்கு நேட்டோவில் சேரும் வழி இது என்று சொல்லிப் பதிவு கேட்டால் வேறென்ன நடக்கும்? இந்த நிபந்தனை ஒரு தவறு என்று நான் நினைக்கிறேன். ஒரு ராணுவ முகாமுக்குப் பத்திரம் எழுதுவதை, நாடு எந்தக் கூட்டணியில் சேர்வது என்ற பெரிய கேள்வியோடு முடிச்சுப் போட்டார்கள். ஹான் பியெசாக் அருகே வெலிக்கி ஷெப் என்ற மலையுச்சி நிலையத்துக்கான வழக்கில் நாட்டின் நீதிமன்றம் நாட்டின் பக்கம் தீர்ப்பளித்தும், அதைப் பதிவேட்டில் ஏற்றவே பெரும் போராட்டம் ஆனது. 2018 டிசம்பரில் நேட்டோ தன் நிபந்தனையைத் தளர்த்தி அடுத்த படிக்கு வழிவிட்டது. பதிவு வேலை அப்படியே நின்றது.

நீங்கள் சொன்ன வீடுகள் கதையோடு இதை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. அங்கே இரண்டு லட்சத்துக்கும் அதிகமான வீட்டுக் கோரிக்கைகள் வந்தன. 2000-களின் நடுவுக்குள் பெரும்பாலானவை முடிந்தன. அந்த வீடுகளில் நிறைய சமூக உடைமை அடுக்குமாடிகள்தான். குடியிருந்தவருக்குப் பத்திரம் இல்லை, குடியிருப்பு உரிமை மட்டும் இருந்தது. அந்த உரிமையையே சொத்துபோல மதித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆக, சட்டக் குழப்பம் தீர்க்க முடியாத ஒன்றில்லை என்பதற்கு அதே நாட்டில் சான்று இருக்கிறது. வித்தியாசம் என்னவென்றால், 1991-ல் இந்த வீட்டில் யார் இருந்தார் என்ற கேள்விக்குச் சாட்சி உண்டு, ரசீது உண்டு, பக்கத்து வீட்டுக்காரர் உண்டு. அந்தக் குடும்பம் கதவைத் தட்டியது, வரிசையில் நின்றது, விடாமல் கேட்டது. காட்டுக்காகவும் முகாமுக்காகவும் அப்படிக் கதவைத் தட்ட ஒரு குடும்பம் இல்லை.

உரிமையாளர் யார் என்று தெரியாவிட்டால் ஒரு பொருளுக்கு என்ன ஆகும் என்பதைச் சரயேவோவின் தேசிய அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அது சொத்துத் தடையின் கீழ் வந்த வழக்கு இல்லை, ஆனால் அதே நோய். 1888-ல் தொடங்கிய நிறுவனம். ஸ்பெயினில் இருந்து விரட்டப்பட்ட யூதர்கள் கொண்டுவந்த, இரண்டு பெரும் போர்களில் தப்பிய சரயேவோ ஹகாதா என்ற ஓவியச் சுவடி அங்கேதான் இருக்கிறது. பழைய குடியரசின் கீழ் இருந்த இப்படியான ஏழு பண்பாட்டு நிறுவனங்களை டேட்டன் யாரிடமும் ஒப்படைக்கவில்லை. மையத்தில் பண்பாட்டு அமைச்சகம் கிடையாது. எங்களுடையது இல்லை என்று ஒவ்வொரு மட்டமும் கைவிரித்தது. 2012 அக்டோபரில் அருங்காட்சியகத்தின் வாசலில் பலகை அடித்து மூடினார்கள். சம்பளம் இல்லாமலேயே ஊழியர்கள் தினமும் வந்து, சுவடிகளையும் செடிகளையும் பார்த்துக்கொண்டார்கள். நகரத்து மக்கள் முறைபோட்டு அவர்களோடு காவலிருந்தார்கள். 2015 செப்டம்பரில்தான் கதவு திறந்தது. அரசியல்வாதிகள் யாருக்குச் சொந்தம் என்று பேசிக்கொண்டிருந்தபோது, இது எங்களுடையது என்று நடந்துகாட்டியவர்கள் அந்த ஊழியர்கள்தான். இந்த விவகாரத்தில் எனக்கு மிகவும் மரியாதை அவர்கள்மேல்தான்.

நூலகத்தின் கதையும் அப்படியே. 1992 ஆகஸ்டில் செர்பியப் படைகளின் குண்டுவீச்சில் எரிந்த பழைய நகர மன்றக் கட்டடத்தில் தேசிய நூலகம் இருந்தது. 2014-ல் கட்டடத்தைப் புதுப்பித்துத் திறந்தபோது நகராட்சி அதைத் தன்னுடையது என்றது. நூலகத்துக்குப் பழைய இடம் திரும்பக் கிடைக்கவில்லை. நூலகம் இன்று இருப்பது ‘மார்ஷல் டிட்டோ’ என்ற பழைய பட்டாள முகாமில், பல்கலைக்கழக வளாகமாக மாறிய பகுதியில். ஒரு முகாமை நல்லபடியாகப் பங்கிட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கும் அதுவே உதாரணம்.

தீர்வு என்ன என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். தீர்ப்பு சொன்ன வழியிலேயே போகலாம். பத்திரம் நாட்டின் பேரில். பயன்பாடு, பராமரிப்பு, வருமானம் சட்டத்தின் மூலம் அலகுகளுக்கும் நகராட்சிகளுக்கும். காட்டை ஸ்ர்ப்ஸ்காவின் வன நிறுவனமே தொடர்ந்து நிர்வகிக்கட்டும், சம்பளம் அங்கேயே இருக்கட்டும், ஆனால் விற்கவோ அடமானம் வைக்கவோ நாட்டின் ஒப்புதல் வேண்டும். பள்ளியும் மருத்துவமனையும் நிற்கும் மனைகளை முழு உரிமையோடு நகராட்சிகளுக்குக் கொடுத்துவிடலாம். அதில் யாருடைய இறையாண்மையும் குறையாது. இந்த மாதிரி யோசனைகள் பலமுறை மேசைக்கு வந்திருக்கின்றன. ஒவ்வொரு முறையும் முழுதும் எனக்கே என்ற குரல் பான்யா லூகாவில் எழுந்தது. எதையும் பிரிக்காதே, தடை இருக்கட்டும் என்ற குரல் சரயேவோவில் எழுந்தது. முதல் குரல் சட்டத்துக்கு எதிரானது. இரண்டாவது குரல் சட்டம் சொன்னதில் பாதியை மட்டும் படிக்கிறது.

2025 கடைசியில் ஸ்ர்ப்ஸ்கா சட்டமன்றம் நீதிமன்றத்தை மறுத்த சட்டங்களைத் திரும்பப் பெற்றது. டோடிக் மேல் இருந்த அமெரிக்கத் தடைகளும் நீங்கின. நிலைமை தணிந்தது என்று பலர் எழுதினார்கள். சொத்தைப் பங்கிடும் சட்டம் மட்டும் நாடாளுமன்றத்தில் நிறைவேறவில்லை. அது வரும்வரை, பழைய முகாமில் பள்ளிக்கூடமோ குடியிருப்போ கட்ட நினைக்கும் ஒரு மலையூர் நகராட்சி, 2005-ல் போட்ட அந்தத் தற்காலிகத் தடையை எடுத்துப் படித்துவிட்டு விதிவிலக்குக்கு மனு எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.